யோர்தான் அல்ல, சீலோவாம்

பெத்லகேமில் என் தலையில் வீக்கம் வந்ததிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

இயேசு பிறந்த இடத்தின் மேல் எழுப்பப்பட்ட அந்தப் பழம்பெரும் ஆலயத்துக்கு இருக்கிற வாசல் நாலடி உயரம்தான். 'தாழ்மையின் வாசல்' என்கிறார்கள். சுவரை உற்றுப் பார்த்தால் பழைய வாசல்களின் கோடுகள் தெரிகின்றன: பேரரசர் ஜஸ்டினியன் காலத்துப் பெரிய வாசல், அதற்குள் சிலுவைப்போர் வீரர்கள் வைத்த கூர்வளைவு, அதற்குள் இன்றைய பொந்து. குதிரையோடும் வண்டியோடும் யாரும் உள்ளே நுழையாதபடி அடைத்ததாகச் சொல்வார்கள். வழிகாட்டி பஸ்ஸிலேயே இரண்டு முறை எச்சரித்தார். நானும் குனிந்தேன். போதுமான அளவு குனிந்துவிட்டதாக நினைத்தேன். நெற்றிக்கு மேலே கல் இடித்தது. எனக்குப் பின்னால் வந்த பாட்டியம்மா, "பார்த்து ஐயா" என்று சொல்லிவிட்டு, முதுகு வளைந்தவர் என்பதால் அப்படியே உள்ளே நடந்துபோனார்.

மறுநாள் எருசலேம். கொரோனாவுக்கு முந்தைய ஒரு நவம்பர் அது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இந்தப் பயணமே சீலோவாம் குளத்துக்காகத்தான். முப்பது வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை நடத்தியிருக்கிறேன். பிறவிக் குருடனின் கண்ணில் இயேசு சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்கிறார். கழுவிவிட்டுப் பார்வையோடு வருகிறான். பிள்ளைகளை நடிக்க வைக்கும்போது குருடனை விசாரிக்கும், வேதச் சட்டத்தில் கறாரான பரிசேயனாக நிற்க ஒருவனும் முன்வர மாட்டான். எல்லோருக்கும் குருடனாக வேண்டும். பாடம் நடத்தும்போது நானும் மனத்துக்குள் அவனாகத்தான் இருந்திருக்கிறேன்.

குளத்துக்கு யூதாவின் அரசன் எசேக்கியாவின் சுரங்கம் வழியாகப் போனோம். அசீரியர் முற்றுகையிட்டால் நகரத்துக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாதென்று, கீகோன் ஊற்றை உள்ளே திருப்ப வெட்டிய வழி. 533 மீட்டர் நீளம். இரண்டு முனைகளிலிருந்தும் இருட்டில் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்தார்கள். பாறைக்கு அப்பாலிருந்து ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டதாகச் சொல்லும் கல்வெட்டு 1880இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரசனின் பெயர் இல்லை, வெட்டியவர்களின் வேலைதான் இருக்கிறது என்றார் வழிகாட்டி. அது எனக்குப் பிடித்திருந்தது.

வேட்டியை விட்டுவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். தொடக்கத்தில் தொடைவரை தண்ணீர், பிறகு முழங்காலுக்குக் கீழே. இரண்டு தோள்களும் பாறையில் உரசும் அகலம். டார்ச் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரியும். பெத்லகேம் வீக்கத்தின் மேல் இன்னொரு இடி வாங்காமல் பார்த்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெயில். கண் கூசியது. எதிரே கல் கட்டிய சிறு குளம், உடைந்த தூண்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தண்ணீரை இரு கைகளாலும் அள்ளிக் கண்களைக் கழுவினேன். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்ற வசனத்தைச் சத்தமாகவே சொன்னேன். அழுதேன். பக்கத்தில் இருந்தவரைப் படம் எடுக்கவும் சொன்னேன், அதையும் மறைப்பதற்கில்லை.

வழிகாட்டி ஓரமாக நின்று காத்திருந்தார். நான் முகத்தைத் துடைத்து எழுந்த பிறகு, யாருக்கும் கேட்காதபடி அருகில் வந்து சொன்னார்: "ஐயா, இது பைசாந்தியக் காலத்தில் கட்டிய குளம். இயேசுவின் காலத்துக் குளம் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்."

2004இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது அகப்பட்டவை கீழே உள்ள அந்தப் படிகள். ஐந்தைந்து படிகளாக மூன்று அடுக்கு, அகலமாக நீண்டு கிடந்தன. மீதிக் குளம் நான் பார்த்தபோது ஒரு தோட்டத்தின் அடியில் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் வந்த யாத்திரிகர்கள் எல்லோரும் மேலே இருந்த குளத்தில்தான் கண் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள், என்னைப் போலவே.

அந்தப் படியில் உட்கார்ந்தபோது எங்கள் சபையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர், குடியை விட்டு ஒரு வருடம் ஆன பிறகு சாட்சி சொல்ல எழுந்தார். அதற்கு முன்பு மைக்கைப் பிடித்தே அறியாதவர். "குருடன் யோர்தானில் கழுவினானே, அப்படித்தான் எனக்கும்" என்றார். யோர்தான் ஆற்றில் முழுகிக் குஷ்டம் நீங்கிய நாகமானின் கதையும் இந்தக் கதையும் அவருக்குள் கலந்துவிட்டன. நான் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் வரிசையிலிருந்து எழுந்து, "யோர்தான் அல்ல, சீலோவாம். வேதத்தைச் சரியாக வாசித்துவிட்டுச் சாட்சி சொல்லுங்கள், தம்பி" என்றேன். இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் மைக்கை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் சாட்சி சொல்லவே இல்லை. கடைசி வரிசையில் உட்காருவார், ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனைப் பரிசேயர் வெளியே தள்ளுவதற்கு முன் கேட்பது, நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ என்றுதான். அதை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை முறை குரலை உயர்த்தி வாசித்துக் காட்டியிருப்பேன்! பிள்ளைகள் பயந்துபோவார்கள். அவ்வளவு நன்றாக வரும் எனக்கு.

அன்று மாலை விடுதியிலிருந்து சபை உறுப்பினர் பட்டியலில் எண்ணைத் தேடி அவரை அழைத்தேன். நம் ஊரில் அப்போது இரவு ஒன்பது மணி. எருசலேமிலிருந்து நான் கூப்பிடுவது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மன்னிப்பைக் கோர்வையாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பாதியில் தொண்டை அடைத்தது. "அது எப்போது நடந்தது, ஐயா, விடுங்கள்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு, பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதைப் போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "சீ-லோ-வாம் தண்ணீர் எப்படி ஐயா இருந்தது?"