மொட்டை மாடியில் இரண்டு கருவிகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சூரியக் கதிர்வீச்சுமானி ஒன்றும் காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் உணரி ஒன்றும் அருகருகே நிற்கின்றன. விடிந்ததும் மாடியேறி, கதிர்வீச்சுமானியின் கண்ணாடிக் குமிழைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைப்பதுதான் என் அன்றாட முதல் வேலை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, ஒரே இரவில் குமிழின்மேல் வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. அதைத் துடைக்காமல் விட்டால் வெயிலே குறைந்துவிட்டதைப்போலக் கருவி காட்டும். பிறகு, கருவி சாயாமல் இருப்பதைக் காட்டும் ரசமட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். காக்கை வந்து உட்கார்ந்து எழுந்தால்கூடச் சில நாள் அது நகர்ந்திருக்கும்.

குமிழுக்குள் இருக்கும் கருப்புத் தகடு வெயிலில் சூடேற, அந்தச் சூட்டு வேறுபாடு மிகச் சிறிய மின்னழுத்தமாக மாறுகிறது. வளிமண்டலத்துக்கு வெளியே சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் என்றிருக்கும் கதிர்வீச்சு, தெளிந்த நண்பகலில் ஏறக்குறைய 1000 வாட்டாகத் தரைக்கு வந்து சேர்கிறது. கடலூரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும் நிழலில்லா நாட்கள் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் வருகின்றன. திட்டுத்திட்டாக மேகம் நகரும் நாளில், மேகத்தின் ஓரம் வெயிலைத் திருப்பிவிடுவதால், தெளிந்த வானத்தில் கிடைப்பதைவிட அதிகமாகவும் சில நிமிடங்கள் பதிவாகும். இரவில் அளவு சுழிக்குச் சற்றுக் கீழே இறங்குவதும் பழுதன்று. குமிழ் தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதே காரணம்.

எனக்கு அதிகக் கவலை தருவது நுண்துகள் உணரிதான். அது லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு கணக்கிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைந்து பருத்துவிடுவதால், மார்கழி விடியலில் ஊரே புகையில் மூழ்கியதுபோல எண்கள் ஏறுகின்றன. ஆகவே அந்த நேரத்து எண்களை மட்டும் வைத்து நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. வெயில் ஏறி ஈரம் இறங்கிய பிறகும் நுண்துகள் குறையாமல், மேகமற்ற வானத்திலும் கதிர்வீச்சு வழக்கத்துக்குக் கீழேயே நின்றால்தான் அது புகை என்று குறித்துக்கொள்கிறேன். போகியன்று காலை அப்படித்தான் இருந்தது. கைப்பிடிச் சுவரின் நிழல் ஓரம் மங்கி, கோடே தெரியாமல் கிடந்தது.

பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டர் விட்டத்துக்கு மிகாத நுண்துகளுக்கு இந்தியா வகுத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் "காற்று நன்றாக இருக்கிறது" என்பது மக்களை ஏமாற்றுவதாகும் என்றே கருதுகிறேன்.

தெற்கேயுள்ள சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் வரும் நெடியை இந்த உணரி அறியாது. அது துகளை மட்டுமே எண்ணும். வாயுக்களுக்குத் தனிக் கருவி வேண்டும். அப்பகுதிக் கிராம மக்கள் 2004இலேயே வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் பதிவேட்டில் நெடிக்கென்று ஒரு கட்டம் போட்டு, நேரத்தையும் காற்றின் திசையையும் அதில் கையால் எழுதி வருகிறேன்.