சினைப்பை கேன்சர்: அப்பா வழியையும் கேளுங்க

பாப் ஸ்மியர் நார்மல், இனி பயமில்லன்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க, ஆனா அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட்டுங்க, சினைப்பை கேன்சரை அது காட்டாது. இதுக்குன்னு நம்பகமான ஸ்கிரீனிங்கே, அதாவது அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிற டெஸ்ட்டே இல்ல, அதான் எனக்கு பெரிய கவலை. அதனால குடும்பத்துல யாருக்கு என்ன கேன்சர் வந்துச்சுன்னு கேட்டு வைங்க, அத்தைக்கு மார்பக கேன்சர் வந்திருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லணும், ஏன்னா மார்பக, சினைப்பை கேன்சர் ரிஸ்க்கை கூட்டுற பிஆர்சிஏ ஜீன் கோளாறு அப்பா வழியாவும் வரும். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் அம்மாவை சினைப்பை கேன்சர்லதான் இழந்தாங்க, தனக்கும் பிஆர்சிஏ1 ஜீன் கோளாறு இருக்குன்னு தெரிஞ்சு 2015ல சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் அந்த ஆபரேஷன் தேவையில்ல. வயசு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு அதுக்கு வெளிய வளர்றது), உடல் பருமனும் ரிஸ்க்தான். குழந்தை பெத்தது, பால் கொடுத்தது, கருத்தடை மாத்திரை இதெல்லாம் ரிஸ்க்கை குறைக்கும், ஆனா மாத்திரைய டாக்டரை கேக்காம ஆரம்பிக்காதீங்க. வயிறு உப்புசம், ரெண்டு வாய் சாப்பிட்டதுமே நெறஞ்சு போறது, அடிக்கடி யூரின், இது வாரக்கணக்கா நீடிச்சா கேஸ்னு ஓமத்தண்ணி குடிச்சுட்டு விட்டுடாதீங்க, ஸ்கேனும் சிஏ 125ங்கிற ரத்த டெஸ்ட்டும் பாக்கணுமான்னு கேளுங்க.