புரட்டாசி முடிஞ்சாலும் ஷேட் கிடையாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்க வீட்டில் புரட்டாசி முழுக்க மரக்கறிதான். அக்டோபர் நடுவில் விரதம் முடியும்போது நாக்கு மீன்குழம்புக்கு ஏங்கும். ஆனால் எங்க கடல் மீனான ஷேட் பிடிக்கத் தடை, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. சாமிக்கு ஒரு மாதம், சர்க்காருக்கு இரண்டு மாதம்!

போன சனிக்கிழமை விடியற்காலை புளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், வேறு மீனுக்காகத் தூண்டில் போட்டேன். மத்தித் துண்டு தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், வெடுக்கென்று ஒரு இழுப்பு. ஷேட். மறுபடி போட்டேன். மறுபடியும் ஷேட். அலைக்குள் வெள்ளி வெள்ளியாகப் புரளுது கூட்டம். இவ்வளவு மீனை வைத்துக்கொண்டு எதுக்கய்யா தடை என்று பக்கத்தில் நின்ற தாத்தா பல்லைக் கடித்தார். எனக்கும் அதே எரிச்சல்தான்.

மூன்றாவதை ஈரக் கையால் பிடித்துக் கொக்கியைக் கழற்றினேன். ரம்பம் மாதிரிப் பல்; விரல் பத்திரம். வயிறு உப்பியிருந்தது, லேசாக அழுந்தியதும் முட்டை எட்டிப் பார்த்தது. குளிர்காலத்தில் மத்திக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு தெற்கிலிருந்து வரும் மீன், இங்க இந்த மாதங்களில் வரும் வசந்தத்தில் எங்க கடலில்தான் முட்டையிடும். கூட்டம் கூட்டமாகத் தெரிவதும், தடை போட்டதும் அதனால்தான். தாத்தாவிடம் சொன்னேன்.

"அது தெரியும்டா தம்பி, குழம்புச் சட்டிக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

தடை நீங்கினாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்குதான், அதுவும் 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எங்க வீட்டில் ஆறு பேர். அண்ணனையும் டிசம்பர் 1 விடியற்காலைக்குச் சொல்லி வைத்திருக்கேன். புளி வாங்கியாச்சு.