மாமனார் எழுப்பிய தணிக்கைத் தடை

லண்டனில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருக்கும் சமயமாகப் பார்த்து வாங்குங்கள். அவர் கணக்குத் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது.

என் மாமனார் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. டிவிஎஸ் 50-க்கு மேல் அவருக்கு எந்த வண்டியும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவரிடம் எம்.ஓ.டி. என்ற சங்கதியைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்கிறாள் என் மனைவி.

பிரிட்டனில் கார் வாங்கி மூன்று வருடம் ஆனதும் எம்.ஓ.டி. சோதனைக்கு விட வேண்டும், பிறகு வருடா வருடம். பிரேக், டயர், விளக்கு, புகை, அடிப்பக்கத் துரு எல்லாம் பார்ப்பார்கள். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அவர்கள் கணக்கில் வராது. விற்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை, ‘புத்தம் புது எம்.ஓ.டி.’ என்று மட்டும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். நல்ல விஷயம் என்னவென்றால், 2005-லிருந்து நடந்த சோதனைகளின் முடிவு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நம்பர் பிளேட்டைத் தட்டினால் போதும். தேறியதா, தோற்றதா, அன்றைக்கு ஓடியிருந்த மைல் எத்தனை, ‘இதைக் கவனித்துக்கொள்’ என்று சொல்லிவிட்ட அட்வைசரிகள் என்னென்ன, எல்லாம் வரிசையாக வரும்.

“காசு கட்ட வேண்டாமா?”

“வேண்டாம் மாமா.”

“யார் வண்டியை யார் வேணாலும் பார்க்கலாமா?”

“பார்க்கலாம்.”

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டேப்லெட் அன்றோடு என் கையை விட்டுப் போயிற்று.

முதலில் பார்க்கப் போனது குராய்டன் பக்கம் ஒரு சின்ன வண்டி. ‘ஒரே உரிமையாளர், வயதான பெண்மணி, வாரம் ஒரு முறை கடைக்குப் போக மட்டும்’ என்று விளம்பரம். விற்றவர் அந்தப் பாட்டியின் பேரன் என்றார். வண்டி பளபளவென்று இருந்தது. நான் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், டயரை உதைத்தேன், தெரிந்த மாதிரி தலையாட்டினேன். மாமா வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நடைபாதையில் நின்றபடி டேப்லெட்டில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, வருஷத்துக்குப் பதினாலாயிரம் மைல் ஓடியிருக்கு. வாரத்துக்கு 269. பாட்டி எந்த ஊர்க் கடைக்குப் போறாங்கன்னு கேளுங்க.”

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போய் வந்தாலும் அதில் மிச்சம் இருக்கும். நான் கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்துக் கேட்டேன். பேரன், பாட்டிக்குத் தோழிகள் அதிகம் என்றார்.

சரி, மைலை விடுங்கள். மாமா பிடித்த உண்மையான விஷயம் வேறு. 2019, 2020, 2021 மூன்று வருடமும் ஒரே அட்வைசரி: பிரேக் பைப்பில் துரு. 2022-இல் எந்தக் குறையும் இல்லாமல் தேறியிருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“மூணு வருஷம் எழுதின குறை நாலாவது வருஷம் காணாமப் போச்சுன்னா, ஒண்ணு சரி பண்ணியிருக்கணும், இல்லே எழுதற ஆளை மாத்தியிருக்கணும். சரி பண்ணியிருந்தா பில் இருக்கும்ல? கேளுங்க.”

பில் இல்லை. அடுத்து மாமா வண்டியின் பதிவுச் சான்றிதழைக் கேட்டார். இங்கே அதை லாக்புக் என்பார்கள். அதிலுள்ள பதினோரு இலக்க எண்ணைப் போட்டால் சோதனை எந்த கராஜில் நடந்தது என்பதும் தெரியும். எனக்கே தெரியாத இந்த விவரத்தை அவர் முந்தின ராத்திரி படித்து வைத்திருக்கிறார். முதல் மூன்று சோதனை குராய்டனிலேயே ஒரு கராஜில். நான்காவது அறுபது மைல் தள்ளி.

“ஃப்ரெண்டோட கராஜ்” என்றார் பேரன்.

“இது தணிக்கைத் தடை மாப்பிள்ளை, ஆடிட் அப்ஜெக்‌ஷன். பைசல் ஆகாது. கிளம்புங்க.”

பேரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் சங்கடம். மாமா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் நிற்கிற ஒவ்வொரு காரின் நம்பரையும் டேப்லெட்டில் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பிளேட்டில் 13 என்றால் 2013 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட், 63 என்றால் செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை பதிவானது என்பதெல்லாம் மனப்பாடம். “எதிர் வீட்டு வெள்ளை வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் உடைஞ்சு போன வருஷம் ஃபெயில்” என்று காபி குடிக்கும்போது சொல்வார். அந்த வீட்டுக்காரரைப் பார்த்தால் நான் ஸ்பிரிங்கைத்தான் நினைத்துக்கொள்வேன். ஈஸ்ட் ஹாம் கோயிலுக்குப் போனபோது சாமி கும்பிட்டவர் பிரசாதம் வாங்க வரவில்லை. தேடிப் போனால் நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறார்.

ஆனால் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் வண்டிக்கு எம்.ஓ.டி. முடிந்தே ஆறு வாரம் ஆகியிருந்ததைக் கண்டுபிடித்ததும் மாமாதான். பிடிபட்டால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார், அன்றே சோதனைக்குப் பதிவு செய்தார், மறுநாள் ஒரு டப்பா நிறைய தோக்ளா வந்தது. மாமா அதை ஏதோ சன்மானம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

கடைசியில் பிடித்துப்போன வண்டி ஹாரோவில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியருடையது. வருடம் ஐயாயிரம் மைல் சீராக ஓடியிருக்கிறது. எழுதப்பட்ட அட்வைசரி ஒவ்வொன்றுக்கும் தேதியோடு பில். மாமா கோப்பைப் புரட்டப் புரட்ட முகம் மலர்ந்துகொண்டே வந்தது, திடீரென்று நின்றது.

“2020 மே மாசம் சோதனை வரணும். நவம்பர்லதான் நடந்திருக்கு. அதுக்கு அடுத்த வருஷம் மொத்தமே எழுநூறு மைல். என்ன நடந்தது?”

“கொரோனா மாமா.”

“ஆதாரம்?”

2020 மார்ச் 30-லிருந்து கெடு முடிந்த வண்டிகளுக்கு அரசாங்கம் ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்த அறிவிப்பைத் தேடிக் காட்டினேன். முழுதும் படித்தார். ஆசிரியர் இதற்குள் எங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவர் கணக்கு வாத்தியாராம். இரண்டு பேரும் அந்த பில் ஃபைலை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்ததில், விலை பேச வேண்டிய நான் ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

மாமா ஊருக்குப் போய்விட்டார். இந்த வருடம் என் எம்.ஓ.டி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது கும்பகோணத்திலிருந்து போன்: “மாப்பிள்ளை, தேதி வாங்கிட்டீங்களா?” அரசாங்கத்தின் நினைவூட்டல் மின்னஞ்சலுக்கு என் வண்டி நம்பரைக் கொடுத்து அவருடைய முகவரியைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வண்டி தேறியது. ஒரே ஒரு அட்வைசரி: இடப்பக்கப் பின் டயர் தேய்ந்து சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டரை நெருங்குகிறது. கராஜிலிருந்து வீடு வந்து சாவியை மாட்டுவதற்குள் வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. கீழே ஒரு வரி: “டயர் மாற்றிய பில் அனுப்பவும்.”