ஏ.டி.எம். கார்டு யார் கையில்?

தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க, எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆடிட் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி என் மேலேயே.

குரோம்பேட்டைப் பக்கம் நாகல்கேணியில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், ஆபீஸ் ஆபீஸாக அலைவது எல்லாம் நான்தான். ஜெர்மன் பையர், சரக்கு வரும் இடங்களில் தொழிலாளர் உரிமை மீறல் இருக்கிறதா என்று கம்பெனியே பார்க்கச் சொல்லும் அவர்கள் ஊர் விநியோகச் சங்கிலிச் சட்டத்தைக் காட்டி, ஆடிட்டுக்கு முன் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். 2023-ல் 3,000 ஊழியர் உள்ள கம்பெனிகளில் தொடங்கி, 2024-ல் 1,000 பேர் உள்ள கம்பெனி வரை இறங்கிய சட்டம் அது. நேராக நம்மைக் கட்டாது. பையரைக் கட்டும், பையர் நம் கழுத்தில் உட்காருவார்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளச் சீட்டு எல்லாம் அரை நாளில் ஏற்றிவிட்டேன்.

முதலில் இடறியது பாலியல் புகார்களுக்கான உள் குழு. எங்கள் குழு சுவரில் மட்டும்தான் இருந்தது. வெளி உறுப்பினர் என்று போட்டிருந்தது ஓனரின் அண்ணியை! ஒரு தொண்டு நிறுவனத்து அம்மாவைப் பிடித்து, குழுவைத் திருத்தி, ஆண்டறிக்கையும் எழுதினேன். அதை மாவட்ட அதிகாரியின் ஆபீஸில் கொடுக்கக் குரோம்பேட்டையில் ரயிலேறி பீச் வரை போய், ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு கிளார்க் லெட்டர்ஹெட்டைப் பார்த்தார். "இது செங்கல்பட்டு மாவட்டம்மா." 2019-லேயே அந்த மாவட்டம் பிறந்துவிட்டது. பின்கோடு 600-ல் தொடங்கினால் எல்லாம் சென்னை மாவட்டம் என்று நினைப்பு எனக்கு. மறுநாள் செங்கல்பட்டு. உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். ஆடிட்டர் கேட்டது அந்தச் சீலைத்தான்.

ஆடிட் அன்று, ஆடிட்டராக வந்த பெண் என் ஃபைல்களைத் தொடவே இல்லை. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்த ஒடிசா பையன்கள் 14 பேரையும் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து, என்னை "நீங்க போங்க மேடம்" என்று அனுப்பிவிட்டு இந்தியில் பேசினார். இங்கே வர எவ்வளவு கொடுத்தாய்? நினைத்தால் ஊருக்குப் போக முடியுமா? ஏ.டி.எம். கார்டு யார் கையில்?

11 கார்டுகள் கான்ட்ராக்டரிடம், ரப்பர் பேண்ட் போட்டு. "பசங்க தொலைச்சிடுவானுங்க மேடம், அதான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான். அந்தக் கட்டை நானே பார்த்திருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது. 'சம்பளம் வங்கி மூலமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்தவளும் நான்தான். சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது எல்லாம் ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) சொல்லும் கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் வரும் என்று அப்புறம்தான் படித்தேன்.

ஓனர் அலறினார். "ஏம்மா, கார்டை இன்னைக்கே கொடுத்துடலாம், இதை மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லும்மா." நான் கேட்கவில்லை, நல்லவேளை. ஓவர்டைம் ரெஜிஸ்டரை டெஸ்பாட்ச் சீட்டோடு ஒப்பிட்டு, ரெஜிஸ்டரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை வேலையை ஏற்கெனவே பிடித்திருந்தார் ஆடிட்டர். பொய் ரெஜிஸ்டர் எழுதுவதைவிட 'இல்லை, இந்தத் தேதிக்குள் சரிசெய்கிறோம்' என்று எழுதிக் கொடுப்பது மேல். எங்களுக்கு 60 நாள் கிடைத்தது அப்படித்தான்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தால் போதாது, பின் நம்பரையும் மாற்ற வேண்டும். 11 பேரையும் நானே ஏ.டி.எம்.முக்குக் கூட்டிப்போனேன். ஒருவன் பேலன்ஸ் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மிச்சம், ஏஜென்ட் கமிஷன் என்று கான்ட்ராக்டர் அந்தப் பையன்களிடம் தலைக்கு வாங்கிய 3,000 ரூபாய். தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் பற்றி 2011-ல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகளில் மூன்றாவது தூண் பரிகாரமாம். பணம் திரும்பினால்தான் கணக்கு முடியும் என்றார் ஆடிட்டர். பரிகாரம் என்றால் எனக்குத் தெரிந்தது திருநள்ளாறுதான். கான்ட்ராக்டர் இரண்டு தவணைக்கு இறங்கி வந்தான். முதல் தவணை வந்துவிட்டது. அடுத்தது 10-ஆம் தேதி. 14 பேரின் கையெழுத்தையும் பார்த்த பிறகுதான் அவன் பில் என் மேஜையைத் தாண்டும்.