பேக்கர்ஸுக்கு எதிராக கேலப் வில்லியம்ஸ்: இறக்கவா, உட்கார வைக்கவா?

அமெரிக்க ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீக், 2024 சீசன், 11ஆம் வாரம். வரும் ஞாயிறு, நவம்பர் 17, பகல் 12 மணிக்கு சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் சொந்த ஊர் அணி பேர்ஸும் கிரீன் பே பேக்கர்ஸும் மோதுகின்றன. ஃபேண்டஸி என்பது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்குப் பாயிண்ட் எண்ணும் விளையாட்டு. என் ஃபேண்டஸி அணியில் பேர்ஸுக்காக முதல் சீசன் ஆடும் கேலப் வில்லியம்ஸ் இருக்கிறார். புதன் விடியற்காலை வேவரில் (யார் அணியிலும் இல்லாதவர்களின் பட்டியலில்) எடுத்த ஸ்டீலர்ஸின் ரஸ்ஸல் வில்சனும் இருக்கிறார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு இடமோ ஒன்றே ஒன்று.

அக்கா மகன் நேற்று இரவே கூப்பிட்டுவிட்டான். "மாமா, இன்னுமா அவன நம்புறீங்க? மூணு வாரமா ஒண்ணுமே இல்ல. பேசாம வில்சன போடுங்க." லீக்கில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். நான் கேலப்பைத்தான் இறக்கப்போகிறேன். ஏன் என்பதை விளக்கமாக எழுதிவிடுகிறேன். இது இந்த ஒரு வாரத்தோடு முடிகிற கணக்கு இல்லை, எந்த இளம் குவார்ட்டர்பேக்கையும் நான் இப்படித்தான் எடைபோடுகிறேன்.

முதலில் அக்கா மகன் பக்கத்து நியாயம். கேலப் வீசியது கமாண்டர்ஸுக்கு எதிராக 131 யார்டு, கார்டினல்ஸுக்கு எதிராக 217, பேட்ரியட்ஸுக்கு எதிராக 120. மூன்று ஆட்டமும் சேர்த்து 468 யார்டு, டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் வீச்சு) ஒன்றுகூட இல்லை. போன வருடம் சி.ஜே. ஸ்ட்ரௌட் தன் முதல் சீசனிலேயே பக்கனீர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 470 யார்டு வீசினார். கேலப்பின் மூன்று வாரம் அந்த ஒரு மதியத்துக்குக்கூட ஈடாகவில்லை. எங்கள் லீக்கில் 25 பாஸிங் யார்டுக்கு 1 பாயிண்ட், டச்டவுன் பாஸுக்கு 4, இன்டர்செப்ஷனுக்கு (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டால்) மைனஸ் 2. அந்தக் கணக்கில் கையால் வந்தது மூன்று வாரத்துக்கும் சேர்த்து 19 பாயிண்டுக்குள்தான். இதைப் பார்த்தால் யாருக்கும் பெஞ்சில் போடத்தான் தோன்றும்.

ஆனால் அதே எண்களுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்று ஆட்டத்தில் அவர் வீசியது 95 பாஸ். இன்டர்செப்ஷன் பூஜ்ஜியம். பின்தங்கிய அணிக்காக, நெருக்கடியில், சுற்றிலும் ஆள் விழும்போது 95 முறை வீசியும் பந்தை எதிரியிடம் கொடுக்கவில்லை. தடுமாறும் இளம் குவார்ட்டர்பேக் வழக்கமாகச் செய்வது இதற்கு நேரெதிர். நான்காவது குவார்ட்டரில் பொறுமை போய், இரண்டு பேர் காவல் நிற்கும் ரிசீவரைப் பார்த்து பந்தை எறிந்துவிடுவார்கள். கேலப்பிடம் இப்போது இருக்கும் கோளாறு வேறு. பந்தைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு பேட்ரியட்ஸ் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 9 முறை சேக், அதாவது பந்தை வீசும் முன்பே அவரை வீழ்த்திவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் அரிசோனாவில் 6. ஒவ்வொரு சேக்கையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எல்லாமே அவரைக் காக்கும் முன்வரிசையான லைனின் குற்றம் என்று சொல்ல முடியாது. பின்வாங்கி நிற்கிறார், முதலில் பார்க்கும் ரிசீவர் மூடப்பட்டிருக்கிறார். அங்கேயே பாதம் ஒரு தட்டு தட்டுகிறது. அடுத்தவரைப் பார்க்கிறார், இன்னொரு தட்டு. அந்த இரண்டாவது தட்டுக்குள் பக்கவாட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறான். உடனே பின்பக்கமாக வட்டம் அடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார். கல்லூரியில் அது பலித்தது. இங்கே 7 யார்டு இழப்பு 12 யார்டாகப் பெருகுகிறது, அவ்வளவுதான். அதே சமயம், அன்று லைனின் இரு ஓரத்தையும் காக்கும் வழக்கமான இரண்டு டாக்கிள்களும், பிராக்ஸ்டன் ஜோன்ஸும் டார்னெல் ரைட்டும், ஆடவில்லை. ஓரம் இரண்டும் மாற்று ஆட்கள் கையில் இருக்கும்போது அந்த இரண்டாவது தட்டுக்கு ஏது நேரம்?

சேக் வாங்கினால் நம் பாயிண்ட் நேரடியாகக் குறையாது. என்.எஃப்.எல்.லில் அந்த இழப்பு அணியின் பாஸிங் கணக்கில்தான் கழியும், குவார்ட்டர்பேக்கின் யார்டில் கை வைக்க மாட்டார்கள். பெரும்பாலான லீக்குகளும் சேக்கைக் கண்டுகொள்வதில்லை. அதனால் பலர் அதைப் பார்ப்பதே கிடையாது. நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். இரண்டாவது டவுனில் (முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் இரண்டாவதில்) ஒரு சேக் விழுந்தால் மூன்றாவது டவுனுக்கு 17 யார்டு தேவைப்படுகிறது. அடுத்து பன்ட், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதுதான். அந்த டிரைவில் (பந்து கையில் இருக்கும் ஒரு சுற்றில்) வந்திருக்க வேண்டிய எட்டு, பத்து பாஸும், எதிரணி எல்லைக்கு அருகே வரும் ரெட் ஸோன் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. பேர்ஸ் கடைசி இரண்டு ஆட்டத்திலும் ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை, 9 புள்ளி, 3 புள்ளி. அது சேக்கின் விலை.

எதிரணி டிஃபென்ஸின் தரவரிசை எத்தனை என்று கேட்பவர்களுக்கு இந்த சீசனே பதில் சொல்கிறது. 5, 6ஆம் வாரங்களில் பேந்தர்ஸையும் லண்டனில் ஜாக்வார்ஸையும் எதிர்த்து கேலப் 530 யார்டு, 6 டச்டவுன் பாஸ். "அவை சொத்தை டிஃபென்ஸ்" என்பார்கள், சரி. ஆனால் பேட்ரியட்ஸும் ஒன்றும் இரும்புக் கோட்டை இல்லை. சிகாகோவுக்கு வரும்போது 2 வெற்றி, 7 தோல்வி. அவர்களிடம் சொந்த மைதானத்தில் 120 யார்டுதான் எடுக்க முடிந்தது. நன்றாக ஆடிய இரண்டு வாரத்தில் லைன் நிமிர்ந்து நின்றது, பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது. மற்ற வாரங்களில் இரண்டும் நடக்கவில்லை. எண்ணை விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

சரி, இந்த வாரம் என்ன மாறியது? செவ்வாய்க்கிழமை பேர்ஸ் தன் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் அஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரனை நீக்கிவிட்டது. இனி ப்ளே அழைப்பது, அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆடுவது என்று சொல்வது, தாமஸ் பிரவுன். நான்கைந்து நாளில் புதுப் ப்ளேபுக் எழுத முடியாது, யாரும் மந்திரம் எதிர்பார்க்க வேண்டாம். பிரவுன் போன வருடம் கரோலைனாவில் பிரைஸ் யங்குக்கு ப்ளே அழைத்தவர். அந்த சீசனில் யங் வாங்கிய சேக் 62. ஆக, ஆள் மாறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் மாற்றக்கூடிய சில விஷயங்கள் உண்டு. ரிசீவர் டி.ஜே. மூருக்கு லைனுக்குப் பின்னாலேயே பந்தைக் கொடுத்து ஓடவிடலாம். கீனன் ஆலனுக்கு 5 யார்டில் திரும்பும் ரூட். முதல் டவுனில் வேகமான பாஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, குவார்ட்டர்பேக்கையே ஓடச் சொல்லி வரைந்த ப்ளே. இவை எல்லாமே அந்த இரண்டாவது தட்டை இல்லாமல் ஆக்கும் வழிகள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும், தன்னை நிரூபிக்க வேண்டிய புதியவருக்கும் இதைத் தவிர எளிய வழி இல்லை.

கால்தான் என் வாதத்தின் மையம். எங்கள் லீக்கில் 10 ஓட்ட யார்டுக்கு 1 பாயிண்ட், ஓடி அடித்த டச்டவுனுக்கு 6. அதாவது 40 யார்டு ஓடினால் 100 யார்டு வீசியதற்குச் சமம். இந்த சீசன் முதல் வாரத்தில் ஜேடன் டேனியல்ஸ் தன் முதல் ஆட்டத்தில் வீசியது வெறும் 184 யார்டு, டச்டவுன் பாஸ் கிடையாது. ஆனால் 16 முறை ஓடி 88 யார்டு, 2 டச்டவுன். கையால் 7 பாயிண்ட், காலால் 20க்கு மேல். ஜோஷ் ஆலனின் 2018ஐ நினைத்துப் பாருங்கள். முதல் சீசன், வீசியதில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. 12 ஆட்டத்தில் 631 யார்டு ஓடி 8 டச்டவுன் அடித்தார். ஆட்டத்துக்கு 9 பாயிண்டுக்கு மேல், பந்தை வீசாமலேயே. கையால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பையனுக்குக் கால்தான் அடித்தளம். கேலப்பும் ஜாக்வார்ஸ் ஆட்டத்தில் 4 முறைதான் ஓடினார், 56 யார்டு. அந்தக் கால் அவரிடம் இருக்கிறது. இதுவரை அதைத் திட்டமிட்டு யாரும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பேக்கர்ஸைக் குறைத்து மதிப்பிட முடியாது. போன வாரம் ஓய்வு எடுத்துவிட்டு வருகிறார்கள். சேவியர் மெக்கின்னி இந்த சீசனின் முதல் ஐந்து ஆட்டத்திலும் ஆட்டத்துக்கு ஒன்றாக இன்டர்செப்ஷன் எடுத்தவர். நடு மைதானத்தில் அவசரப்பட்டு உயரமாக வீசினால் அது அவர் கையில்தான் போய் விழும். பேர்ஸை அவர்கள் தொடர்ந்து பத்து முறை தோற்கடித்திருக்கிறார்கள், இந்த ஊரில் அதை யாரும் மறக்கவில்லை. பேர்ஸ் தோற்கவும் கூடும். ஃபேண்டஸியில் அது எனக்குப் பாதகம் இல்லை. பின்தங்கும் அணி கடைசிக் குவார்ட்டரில் வீசித்தான் ஆக வேண்டும், டிஃபென்ஸ் ஆழமாகப் பின்வாங்க, நடுவில் ஓடவும் இடம் கிடைக்கும்.

இப்போது வில்சன். இந்த வாரம் அவருடைய ஸ்டீலர்ஸ் மோதுவது ரேவன்ஸோடு. ரேவன்ஸ் பாஸ் டிஃபென்ஸ் ஒழுகுகிறது என்பது உண்மைதான். போன வியாழன் ஜோ பர்ரோ அவர்களிடம் 428 யார்டு, 4 டச்டவுன் வீசினார். அதற்கு முன் ஜேமிஸ் வின்ஸ்டன் 334 யார்டு, 3 டச்டவுன். வில்சனும் போன வாரம் வாஷிங்டனில் 3 டச்டவுன் பாஸ். தாளில் பார்த்தால் அவர்தான் சரியான ஆள். ஆனால் அந்த 3 டச்டவுனும் 195 யார்டில் வந்தவை, வீசியதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. ஸ்டீலர்ஸின் அஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் ஆர்தர் ஸ்மித் ஓட்டத்தை வைத்து ஆட்டம் நடத்துபவர். ஸ்டீலர்ஸ் முன்னிலை பெற்றால் பந்து ரன்னிங் பேக் கைக்குப் போய்விடும். வருடத்துக்கு இரண்டு முறை முட்டிக்கொள்ளும் இந்த இரண்டு அணிகளும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள், ஆட்டம் இறுகித்தான் போகும். 35 வயது வில்சன் இப்போது ஓடுவதும் குறைவு. இந்த ஆட்டத்தில் டச்டவுன் பாஸ் வராவிட்டால் அவரிடம் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

என் கணிப்பைப் போட்டுப் பார்த்தேன். கேலப்: 220 யார்டு, ஒரு டச்டவுன், அரை இன்டர்செப்ஷன், 40 ஓட்ட யார்டு. 15.8 வருகிறது. வில்சன்: 230 யார்டு, ஒன்றரை டச்டவுன், அரை இன்டர்செப்ஷன், ஓட்டம் 5 யார்டு. 14.7. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு எண்ணிலிருந்தும் டச்டவுனை எடுத்துவிட்டுப் பாருங்கள், கேலப்பிடம் 11.8 மிஞ்சும், வில்சனிடம் 9 கூடத் தேறாது. நான் 6 வெற்றி 4 தோல்வியில் இருக்கிறேன். எனக்கு இந்த வாரம் கீழே விழாத ஆள்தான் வேண்டும்.

நாளை வெள்ளிக்கிழமை பயிற்சி அறிக்கை வரும். அதில் நான் தேடுவது கேலப்பின் பெயரை அல்ல, ஜோன்ஸ், ரைட் இருவர் பெயரையும்தான். ஒருவராவது முழுப் பயிற்சி செய்திருந்தால் பயமில்லை. இருவரும் 'அவுட்' என்று வந்தால் மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வில்சனை இறக்குவேன். குளிர் எனக்குக் கவலையில்லை, ஏரிப்பக்கக் காற்றைத்தான் பார்ப்பேன். அதுவும் கேலப்பை விட டி.ஜே. மூருக்குத்தான் அதிக பாதிப்பு, குட்டைப் பாஸுக்கும் ஓட்டத்துக்கும் காற்று ஒன்றும் செய்யாது. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்குவதால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை மாற்றும் வசதி இல்லை. ஞாயிறு காலை 10.30க்கு ஆடாதவர்கள் பட்டியல் வந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை கேலப்புக்கு 23 வயது ஆகிறது. மூன்று வாரம் அடி வாங்கி எழுந்த பையன் ஒரு முழு ஆட்டம் நிமிர்ந்து நின்று ஆடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது, பாயிண்டுக்காக மட்டும் இல்லை.

அடுத்த வாரம் வைக்கிங்ஸ் வருகிறார்கள். பிரையன் ஃப்ளோரஸின் டிஃபென்ஸ் எங்கிருந்து ஆள் அனுப்பும் என்று அனுபவசாலிகளுக்கே பிடிபடுவதில்லை, அது முற்றிலும் வேறு கணக்கு. ஸ்டீலர்ஸ் ஆட்டம் அந்த வாரம் வியாழன் இரவே கிளீவ்லாந்தில் நடப்பதால் முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் வில்சனை வேவரில் திருப்பி விடாமல் பெஞ்சிலேயே வைத்துக்கொள்கிறேன்.