பல்லாவரத்துக் கருங்கல்லின் வயசு

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் கருங்கல்லை ஜல்லியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். புதிதாக உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். லேசான நீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போல மினுக்கும். வயசு ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள்!

இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அப்படிப் பெயர் வைத்தார். உருகிய குழம்பு ஆறி இறுகிய தீப்பாறை என்பது அவர் கணிப்பு. பின்னால் வந்தவர்கள் பலர், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து, முழுசாக உருகாமலேயே கனிமங்கள் மாறிய உருமாறிய பாறை என்றார்கள். இரண்டு வழியிலும் உருவாகலாம் என்பதே இப்போது பலர் சொல்வது. பள்ளிப் பாடத்தில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று கட்டம் போட்டுப் பிரித்துவிடுகிறார்கள். கல்லுக்கு அந்தக் கட்டம் தெரியாது.

சந்தேகமில்லாத தீப்பாறை வேண்டுமென்றால் எல்லோராவுக்குப் போங்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்டைக் குடைந்துதான் கைலாசநாதர் கோயிலைச் செய்திருக்கிறார்கள்.

படிவுப்பாறைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரியலூர் போதும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். சிப்பியும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே ஏறிய பாரத்தில் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆனது. அதைத்தான் சிமெண்ட் ஆலைகள் அரைக்கின்றன. பக்கத்தில் காரை கிராமத்து வறண்ட ஓடைகளில், அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரினத்தின் சுருண்ட ஓட்டுப் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன.